கீழ்த்தாடையில் பல் இம்ப்ளான்ட்: ஸ்க்ரூ போட்ட அன்னிக்கே பல் கட்டலாமா, 3 மாதம் காத்திருக்கணுமா?

"ஒரே நாளில் புதுப் பல்", "காலையில் வாங்க, மாலையில் கடிச்சு சாப்பிடுங்க"... இப்படிப்பட்ட விளம்பரங்களை மொபைலில் பார்த்திருப்பீர்கள். அதே சமயம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் போட்டுவிட்டு, "மூணு மாசம் கழிச்சுதான் பல்லு கட்டுவாங்களாம்" என்று சொல்லியிருப்பார். இரண்டில் எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். அது விளம்பரத்தைப் பொறுத்தது அல்ல. உங்கள் எலும்பைப் பொறுத்தது. ஊரில் பல் மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பவருக்கு இது ஒரு சந்தேகம் மட்டும்தான். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருந்து போளூருக்கோ, திருவண்ணாமலைக்கோ, வேலூருக்கோ பஸ் பிடித்து இறங்க வேண்டியவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. அவர்களுக்கு இந்தக் கேள்வி பணம், உடம்பு இரண்டையும் தொடுகிறது.

முழு விவரத்தைப் பார்க்கலாம்.

இம்ப்ளான்ட்னா என்ன? 'லோடிங்'னா என்ன?

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகப்படும் சிறிய டைட்டானியம் ஸ்க்ரூ. இழந்த பல்லின் வேருக்குப் பதில் அது உட்காரும். அதற்கு மேலே 'அபட்மென்ட்' என்ற இணைப்புத் துண்டு. அதற்கும் மேலே நம் கண்ணுக்குத் தெரியும் பல், அதாவது கிரவுன். சிலருக்குத் தனிப் பல்லுக்குப் பதிலாக முழுப் பல்செட்டையே இந்த ஸ்க்ரூக்களின் மேல் மாட்டுவார்கள்.

ஸ்க்ரூவை எலும்புக்குள் வைப்பது ஒரு நாள். அதன் மேல் பல்லை வைத்து, மெல்லும் விசை ஸ்க்ரூவின் மீது இறங்க விடுவது இன்னொரு நாள். இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் பல் மருத்துவர்கள் 'லோடிங்' என்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால், ஸ்க்ரூ மேல 'பாரம் ஏத்துறது'.

பல் மருத்துவத்தில் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்:

• உடனடி லோடிங்: ஸ்க்ரூ வைத்த ஒரு வாரத்துக்குள் பல் பொருத்துவது.
• முன்கூட்டிய லோடிங்: ஒரு வாரத்துக்குப் பிறகு, 2 மாதத்துக்குள் பொருத்துவது.
• வழக்கமான லோடிங்: 2 மாதத்துக்கு மேல் காத்திருந்து பொருத்துவது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பல் பிடுங்கின அன்னிக்கே அந்தக் குழியில் ஸ்க்ரூ வைப்பது வேறு. ஸ்க்ரூ வைத்த அன்னிக்கே பல் கட்டுவது வேறு. 'இமீடியட்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துவதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். மருத்துவர் அந்தச் சொல்லைச் சொன்னால், எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3 மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

இந்தக் கதை சுவீடனில் தொடங்குகிறது. 1952-ல் பெர்-இங்வார் பிரோனிமார்க் என்ற ஆய்வாளர், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க டைட்டானியத்தால் ஆன ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தது.

அந்த 'ஒட்டுதல்'தான் இன்றைய இம்ப்ளான்ட் சிகிச்சை முழுவதற்கும் அடிப்படை. 1965-ல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல்முறையாக டைட்டானியம் இம்ப்ளான்ட்கள் வைக்கப்பட்டன. அதுவும் கீழ்த்தாடையில்தான். 2006-ல் அவர் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அவை பயன்பட்டன.

பிரோனிமார்க் குழு வகுத்த விதி இது: ஸ்க்ரூவை வைத்து, ஈறை மூடித் தைத்துவிட வேண்டும். கீழ்த்தாடையில் 3 முதல் 4 மாதம், மேல்தாடையில் 5 முதல் 6 மாதம் தொடக் கூடாது. பிறகு ஈறைத் திறந்து பல் பொருத்தலாம். இது அனுபவத்தில் எச்சரிக்கையாக வைத்த காலக்கெடு. அதைவிடக் குறைந்த நாளில் வைத்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அறிந்த எண் அல்ல. அதனால்தான் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அந்தக் காலத்தைக் குறைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட நவீன ஸ்க்ரூக்கள் வந்த பிறகு, நல்ல எலும்பில் 6 முதல் 8 வாரத்திலேயே பல் வைப்பது சாதாரணமாகிவிட்டது.

கீழ்த்தாடைக்கு ஏன் காத்திருப்பு குறைவு?

எலும்பின் தன்மைதான் காரணம். கீழ்த்தாடையின் வெளிப்புறம் தடிமனான, கெட்டியான எலும்பு. முக்கியமாக முன்பகுதியில், இரண்டு கோரைப் பற்களுக்கும் இடைப்பட்ட இடத்தில், எலும்பு நல்ல உறுதியாக இருக்கும். ஸ்க்ரூ இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மேல்தாடை, குறிப்பாக அதன் பின்பகுதி, பஞ்சு போன்ற எலும்பு. மேலே சைனஸ் அறையும் இருக்கிறது. அதனால் அங்கே பொறுமை அதிகம் தேவை.

ஆனால் கீழ்த்தாடை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. கடைவாய்ப் பல் பகுதியில் எலும்பு முன்பக்கம் அளவுக்குக் கெட்டியாக இருக்காது. மெல்லும் விசையோ அங்கேதான் மிக அதிகம். போதாக்குறைக்கு, கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. அதனால் அங்கே எவ்வளவு நீள ஸ்க்ரூ போடலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

அதாவது, "கீழ்த்தாடைதானே, உடனே போட்டுடலாம்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. முன்பக்கமா, பின்பக்கமா என்பது முக்கியம்.

ஸ்க்ரூ வைத்த பிறகு உள்ளே என்ன நடக்குது?

பந்தக்கால் நடுவதை நினைத்துப் பாருங்கள். குழி தோண்டி, கம்பை இறக்கி, மண்ணைத் தள்ளி இடித்தவுடன் கம்பு நிற்கும். அது மண்ணின் இறுக்கத்தால் வந்த பிடிப்பு. இம்ப்ளான்ட்டிலும் முதல் நாள் கிடைப்பது இந்த மாதிரி பிடிப்புதான். இதை முதல்நிலை உறுதி என்கிறார்கள்.

அடுத்த சில வாரங்களில் உடம்பு தன் வேலையைத் தொடங்கும். ஸ்க்ரூவை இறுக்கியபோது நசுங்கிய பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும். அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டும். புது எலும்பு ஸ்க்ரூவோடு ஒட்டும்போது வருவது இரண்டாம் நிலை உறுதி.

சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். பழைய பிடிப்பு குறைந்துகொண்டே வரும்; புதுப் பிடிப்பு இன்னும் முழுதாக வந்திருக்காது. ஏறக்குறைய 2 முதல் 4 வாரத்தில் ஸ்க்ரூவின் உறுதி சற்றுக் கீழே இறங்கும். முதல் வாரத்தில் வலி போய், "எல்லாம் சரியாயிடுச்சு" என்று நோயாளி நினைத்துக் கடிக்கத் தொடங்குவதும் இதே நேரத்தில்தான். இதுதான் ஆபத்தான காலம்.

இந்த நாட்களில் ஸ்க்ரூ எலும்புக்குள் சுமார் 0.1 முதல் 0.15 மில்லி மீட்டருக்கு மேல் திரும்பத் திரும்ப அசைந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். அப்புறம் அந்த ஸ்க்ரூ ஒட்டாது. கழற்றிவிட்டு, எலும்பு ஆறும் வரை காத்திருந்து, முதலில் இருந்து தொடங்க வேண்டும். செலவும் இரட்டிப்பு.

அப்போ உடனடி லோடிங் தப்பா?

இல்லை. சரியான ஆளுக்கு, சரியான இடத்தில் செய்தால் நன்றாகவே வேலை செய்கிறது.

உடனடியாகவோ, முன்கூட்டியோ, வழக்கமான காலத்திலோ பல் பொருத்தியவர்களை ஒப்பிட்ட 26 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு தொகுத்து 2013-ல் வெளியிட்டது. 1,200-க்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் இடம்பெற்றனர். ஸ்க்ரூ தோல்வியிலோ, எலும்பு தேய்மானத்திலோ மூன்று முறைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதாக உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

இதைக் காட்டித்தான் "உடனே போட்டாலும் ஒண்ணுதான்" என்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகள். எலும்பு நன்றாக இருந்தவர்கள், ஸ்க்ரூ இறுக்கமாக உட்கார்ந்தவர்கள். பல ஆய்வுகளின் தரத்திலும் குறை இருந்தது. எனவே அந்த முடிவை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது.

கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு உடனடி லோடிங் நன்றாகப் பலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கு பந்தக்கால்களைக் குறுக்குக் கழியால் கட்டிவிட்டால், ஒற்றைக் கால் மாதிரி ஆடாது இல்லையா? அதே போல 4 ஸ்க்ரூக்களை ஒரே சட்டத்தால் இணைத்துவிட்டால், ஒவ்வொன்றின் அசைவும் குறைந்துவிடும். தனியாக நிற்கும் ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு இந்தத் துணை கிடையாது.

யாருக்கு எது பொருந்தும்?

உடனடி லோடிங்கைப் பற்றி யோசிக்கலாம்:
• கீழ்த்தாடையில் பல்லே இல்லை, முன்பகுதி எலும்பு நன்றாக இருக்கிறது, பல ஸ்க்ரூக்களை இணைத்துக் கட்டப் போகிறார்கள் என்றால்.
• ஸ்க்ரூ இறுகும்போது கருவி காட்டும் அளவு சுமார் 35 நியூட்டன் சென்டிமீட்டரை எட்டினால்.
• முன்பல் ஒன்றுக்குத் தற்காலிகப் பல்லை, எதிர்ப் பல்லில் இடிக்காத மாதிரி வைக்கிறார்கள் என்றால்.

6 முதல் 8 வாரம் காத்திருப்பது நல்லது:
• எலும்பு நன்றாக இருந்து, வேறு நோய் இல்லாதவர்களுக்கு ஓரிரு பற்கள் மட்டும் கட்ட வேண்டும் என்றால்.

3 மாதமோ, அதற்கு மேலோ காத்திருக்க வேண்டியவர்கள்:
• ஸ்க்ரூ வைத்தபோது எலும்பும் சேர்த்து நிரப்பப்பட்டவர்கள்.
• ஸ்க்ரூ இறுக்கமாக உட்காதவர்கள்.
• சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். இவர்களுக்கு முதல் வேலை சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. இம்ப்ளான்ட் அதன் பிறகுதான்.
• பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள்.
• தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் சிகிச்சை பெற்றவர்களும் அதை மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு 'எப்போ பல் கட்டலாம்' என்பதற்கு முன்னால், 'இம்ப்ளான்ட் போடலாமா' என்பதே கேள்வி.

மலையில் இருந்து வருபவருக்கு எது லாபம்?

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளி பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதி. சாமை விவசாயமும், காட்டில் கிடைக்கும் தேனும் புளியும், வெளியூர் கூலி வேலையும்தான் பலருக்கு வாழ்வாதாரம். இங்கிருந்து இம்ப்ளான்ட் சிகிச்சைக்குச் சமவெளிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் பல் மருத்துவத் துறை இருக்கிறது. முதுநிலைப் படிப்பு உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளிலும், சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

"அடிக்கடி வர முடியாது டாக்டர், ஒரேயடியா முடிச்சு விட்டுடுங்க" என்று கேட்பது இயல்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உடனடி லோடிங்கில் முதலில் வைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான். அந்தப் பல் உடைகிறதா, கடி சரியாக இருக்கிறதா, ஸ்க்ரூ தளர்கிறதா என்று முதல் 2 மாதம் அடிக்கடி பார்க்க வேண்டும். அப்புறம் சில மாதம் கழித்து நிரந்தரப் பல்லுக்கு அளவெடுக்க மறுபடியும் சில முறை வர வேண்டும். ஒரே நாளில் பல் கிடைக்கும்; ஒரே நாளில் சிகிச்சை முடியாது.

வழக்கமான முறையில் ஸ்க்ரூ வைக்க ஒரு முறை, தையல் பார்க்க ஒரு வாரத்தில் ஒரு முறை வர வேண்டும். அப்புறம் சிக்கல் இல்லையென்றால் 2, 3 மாதம் கீழே இறங்க வேண்டியதே இல்லை. ஸ்க்ரூ ஈறுக்குள் பத்திரமாக இருக்கும். பிறகு அளவெடுத்துப் பல் பொருத்த 2, 3 முறை வந்தால் போதும். தற்காலிகப் பல் உடைந்தால் ஓடிவர வேண்டிய கவலையும் இல்லை.

ஆகவே தூரத்தில் இருப்பவருக்குப் பல நேரங்களில் பொறுமையான முறைதான் வருகையும் குறைவு, ஆபத்தும் குறைவு. இது கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும், உண்மை இதுதான்.

முழுப் பல்செட் ஆடுதா? 2 ஸ்க்ரூ போதும்

வயதானவர்கள் அதிகம் சொல்லும் புகார், "மேல் செட் நிக்குது, கீழ் செட் நிக்கல". மேல் செட்டுக்கு அண்ணம் பெரிய பரப்பு தருகிறது. கீழ் செட்டுக்குக் குதிரை லாடம் மாதிரி குறுகிய இடம்தான். நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். பல் இல்லாத எலும்பு ஆண்டுக்கு ஆண்டு தேயவும் செய்யும்.

2002-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்குச் சாதாரணப் பல்செட்டை முதல் தேர்வாகச் சொல்வது இனி சரியல்ல. முன்பகுதியில் 2 இம்ப்ளான்ட் வைத்து, அதன் மேல் செட்டை பட்டன் போல மாட்டிக் கழற்றும் முறையே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பதுதான் அது.

4, 6 ஸ்க்ரூ போட்டு நிலையான பல் கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு. கழற்றிக் கழுவலாம். ஸ்க்ரூ ஒட்டும் வரை பழைய செட்டையே போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஸ்க்ரூ மேல் இடிக்காத மாதிரி உள்பக்கம் ராவி, மெத்தென்ற பூச்சு வைத்துத் தர வேண்டும். அதைச் செய்யாமல் பழைய செட்டை மாட்டிக்கொண்டால், 3 மாதம் காத்திருந்தும் பலன் இல்லை. மறைமுகமாக முதல் நாளே பாரம் ஏற்றிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

ஸ்க்ரூ வைத்த அன்னிக்கு கீழேயே தங்குங்க

மலைப்பகுதி வாசகர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது. மரத்துப்போக ஊசி போட்டதால் உதடு சில மணி நேரம் மரத்திருக்கும். ஆனால் ஊசியின் வேகம் தீர்ந்த பிறகும், அன்று இரவோ மறுநாள் காலையோ, கீழுதடும் தாடையும் மரத்தே இருந்தால் ஸ்க்ரூ நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். முதல் ஓரிரு நாளுக்குள் அதைச் சரிசெய்தால் உணர்ச்சி திரும்ப வாய்ப்பு அதிகம். "ரெண்டு வாரம் கழிச்சு வரும்போது சொல்லிக்கலாம்" என்று மலை ஏறிவிட்டால் மரப்பு நிரந்தரமாகிவிடலாம்.

அதனால் முடிந்தால் அன்று இரவு உறவினர் வீட்டிலோ வேறு எங்கோ கீழேயே தங்கி, மறுநாள் காலை மருத்துவரிடம் காட்டிவிட்டு ஊருக்குப் போவது நல்லது.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய மற்ற அறிகுறிகள்:
• மூன்றாம் நாளுக்குப் பிறகு வலியோ வீக்கமோ குறையாமல் கூடுவது.
• சீழ், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை.
• நிற்காத ரத்தக் கசிவு, நாக்குக்கு அடியில் வீக்கம். நாக்கு மேலே தள்ளப்பட்டாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ 108-க்கு அழையுங்கள்.
• ஸ்க்ரூவோ தற்காலிகப் பல்லோ ஆடுவது.

என்ன சாப்பிடலாம்?

உடனடியாகப் பல் கட்டியவர்கள் 6 முதல் 8 வாரம் மெத்தென்ற உணவுதான் சாப்பிட வேண்டும். நம்ம ஊர் சாப்பாட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. குழைய வடித்த சாமைச் சோறு, சாமைக் கஞ்சி, ராகிக் கூழ், களி, பருப்புக் கடைசல், முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். முறுக்கு, கரும்பு, வறுத்த கடலை, எலும்பு கடிப்பது ஆகியவை கூடாது. கயிறையோ பாக்கெட்டையோ பல்லால் இழுக்கவே கூடாது. வெற்றிலை பாக்கு, புகையிலையை நிறுத்திவிடுங்கள். புண் ஆறுவதையும் எலும்பு ஒட்டுவதையும் புகையிலை கெடுக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எனக்கு சி.பி.சி.டி. ஸ்கேன் தேவையா? எலும்பின் உயரம், அகலம், நரம்பு இருக்கும் தூரம் எவ்வளவு?
2. ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தது? அந்த அளவைச் சீட்டில் எழுதித் தருவீர்களா?
3. இப்போது வைக்கும் பல் தற்காலிகமா, நிரந்தரமா?
4. மொத்தம் எத்தனை முறை வர வேண்டும்? எந்த மாதத்தில்?
5. ஸ்க்ரூ ஒட்டவில்லை என்றால் மறுபடி வைக்க எவ்வளவு ஆகும்? மொத்தச் செலவும் எழுத்தில் கிடைக்குமா?
6. ஸ்க்ரூவின் கம்பெனி பெயர், அளவு, பேட்ச் எண் உள்ள அட்டை தருவீர்களா?

ஆறாவது கேள்வியை அலட்சியப்படுத்த வேண்டாம். வேலைக்காக வேறு மாநிலம் போன இடத்தில் அபட்மென்ட் தளர்ந்தால், எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்று தெரியாமல் அங்குள்ள மருத்துவரால் அதைக் கழற்றவோ இறுக்கவோ முடியாமல் போகலாம். அந்த அட்டையைப் போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக...

பல் எப்போது கட்டுவது என்பதை முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் பார்த்து ஒரு திட்டம் போடலாம். ஆனால் ஸ்க்ரூ எலும்புக்குள் எப்படி உட்கார்ந்தது என்பது அறுவை சிகிச்சை மேஜையில்தான் தெரியும். "இன்னிக்கே பல்லு கட்டிடலாம்னு நினைச்சோம், ஆனா பிடிப்பு போதல, ரெண்டு மாசம் பொறுங்க" என்று ஒரு மருத்துவர் சொன்னால் கோபப்பட வேண்டாம். உங்கள் ஸ்க்ரூவைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். ஸ்கேன் கூடப் பார்க்காமல், போனிலேயே "ஒரே நாளில் முடிச்சிடலாம்" என்று உறுதி தருபவரிடம்தான் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. சிகிச்சை குறித்த முடிவை உங்கள் பல் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்குப் பிறகே எடுக்கவும்.)